இரண்டாம் கியரில் அரைக்கும் ஓசை: கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் முடிந்த பாதி வேலை

வாகனம் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து வேக மேனுவல் கியர்பாக்ஸும் ஹைட்ராலிக் கிளட்சும் கொண்ட ஒரு சிறு கார். ஓடியது 92,000 கி.மீ.க்குச் சற்று மேல். உரிமையாளர் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர். வீடு பொள்ளாச்சியில் இருப்பதால் வாரந்தோறும் ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறவர். எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன் அந்தக் கார் வேறு இரண்டு இடங்களில் பார்க்கப்பட்டிருந்தது. ஓரிடத்தில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டிருந்தார்கள். மற்றோரிடத்தில் கியர் ஆயிலை மாற்றிவிட்டு, அதற்கும் ஓசை அடங்காததால் பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து முழுக் கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அந்த ஆலோசனை சரிதானா என்று கேட்கத்தான் அவர் வந்தார்.

இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணம், இதில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு கோளாறுகள் ஒன்றன் பின்னால் ஒன்று மறைந்திருந்தன என்பதுதான். முதல் கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்தது; இரண்டாவது அதனால் விளைந்து, கியர்பாக்ஸுக்குள்ளே இருந்தது. உள்ளே இருந்ததை மட்டும் சரிசெய்திருந்தால் புதிய பாகங்களும் அதே வழியில் தேய்ந்திருக்கும். வெளியே இருந்ததை மட்டும் சரிசெய்திருந்தால், மலை இறக்கத்தில் ஆபத்து அப்படியே நீடித்திருக்கும்.

புகார்

கியர் அரைக்கிறது என்று ஒருவர் சொன்னால், எந்தக் கியரில், ஏற்றும்போதா இறக்கும்போதா, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பின்பா, ஓடும்போதா நிற்கும்போதா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை வாங்காமல் ஸ்பானரைக் கையில் எடுக்கக் கூடாது. இந்த உரிமையாளர் தெளிவாகக் கவனித்து வைத்திருந்தார். காலையில் வண்டியை எடுக்கும்போது ரிவர்ஸ் கியர் ஓசையின்றி விழுகிறது. பகலில் பொள்ளாச்சிக் கடைவீதியில் நின்று நின்று நகர்ந்த பிறகு ரிவர்ஸ் போட்டால் ‘கர்ர்’ என்று அரைக்கிறது. இது தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது வரும் ஓசை அதற்குப் பல மாதங்கள் பின்னால் தொடங்கியது. கடைசியாக கியர் ஆயில் மாற்றிய பிறகு இன்னும் மோசமானது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு ஏற்றும்போது ஏறத்தாழ ஓசையே இல்லை.

“இறக்கத்துல ரெண்டாவது கியரு விழ மாட்டேங்குதுங்க தம்பி, வண்டி நியூட்ரல்லயே ஓடுது, அதுக்குள்ள வளைவு வந்துருதுங்க” என்று அவர் சொன்னது வேலை அட்டையில் அப்படியே எழுதப்பட்டது. மலையிறக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைப்பது பெருமளவு இன்ஜின்தான். கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் உருண்டால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறிச் சோர்ந்துவிட்டால் பிடிப்பதற்கு வேறொன்றும் இல்லை. சமவெளியில் எரிச்சலூட்டும் ஓசையாக மட்டும் இருப்பது ஆழியாறு மலைப்பாதையில் உயிர் தொடர்பான விஷயமாகிவிடுகிறது. எனவே முழுப் பரிசோதனை முடியும்வரை அந்தக் காரை மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம் என்பதே நாங்கள் அவருக்குச் சொன்ன முதல் செய்தி.

ஓசை எங்கே பிறக்கிறது

இன்றைய மேனுவல் கியர்பாக்ஸில் முன்னோக்கிய கியர்களின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. நாம் லீவரைத் தள்ளும்போது நகர்வது கியர் அல்ல, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்லீவ். அந்த ஸ்லீவ் கியரின் விளிம்பிலுள்ள சிறு பூட்டுப்பற்களின் மேல் ஏறிக்கொள்ளும்போது கியர் தண்டோடு பூட்டப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது ஸ்லீவ் பற்கள் பூட்டுப்பற்களை உரசினால் எழுவதுதான் அந்த அரைக்கும் ஓசை.

அந்த உரசல் நேராமல் காப்பது சிங்க்ரோ ரிங். காடிலாக் நிறுவனம் 1928-இல் தன் கார்களில் கொண்டுவந்த சிங்க்ரோமெஷ் அமைப்பின் வழிவந்ததுதான் இன்று நாம் காண்பதும். பித்தளையாலான இந்த ரிங்கின் உட்புறம் கூம்பு வடிவில் இருக்கும். அதில் நுண்ணிய மரை போன்ற வரிகள் வெட்டப்பட்டிருக்கும். ஸ்லீவ் நகரத் தொடங்கியதும் ரிங் கியரின் கூம்பை அழுத்துகிறது; வரிகள் ஆயில் படலத்தை வெட்டி வெளியேற்றுகின்றன; உராய்வினால் இரு வேகங்களும் சமமாகின்றன. சமமாகும்வரை ரிங் தன் பற்களைச் சற்றே திருப்பி வைத்து ஸ்லீவை மேலே ஏற விடாமல் தடுக்கிறது. ஆகவே அரைக்கும் ஓசை கேட்கிறது என்றால் இந்தத் தடுப்பு தோற்றுவிட்டது என்று பொருள்.

தடுப்பு தோற்பதற்கு இரு வழிகள் உண்டு. ரிங் தேய்ந்தோ, பொருந்தாத ஆயிலாலோ கூம்பில் போதிய பிடிப்பு இல்லாமல் போகலாம். அல்லது கிளட்ச் முழுமையாக விடுபடாமல் இன்ஜின் உள்தண்டை, அதாவது கிளட்ச் வழியாக இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டை, தொடர்ந்து இழுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது நிலையில் அந்தச் சிறு பித்தளை ரிங், தண்டையும் கிளட்ச் பிளேட்டையும் மட்டும் திருப்ப வேண்டியது போக, இன்ஜினோடும் மல்லுக்கு நிற்க வேண்டியதாகிறது.

ரிவர்ஸ் இதில் தனி. இந்தக் காரைப் போலப் பல சிறு கார்களில் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. ஓர் இடைக் கியர் நகர்ந்து நேரடியாகப் பற்களுக்குள் நுழைகிறது. அது ஓசையின்றி விழ வேண்டுமானால் உள்தண்டு நின்றிருக்க வேண்டும். அதனால் கிளட்ச் சரியாக விடுபடுகிறதா என்பதற்கு ரிவர்ஸ் கியர் ஒரு நல்ல சாட்சி.

இரண்டாம் கியர் ஏன் முதலில் அடிபடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கணக்குக்காக இரண்டாம் கியரின் விகிதம் 1.9, மூன்றாவதன் விகிதம் 1.3 என்று கொள்வோம். மூன்றாம் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,600 சுற்றுகளில் இருக்கும்போது இரண்டாவதுக்கு இறக்கினால், உள்தண்டின் வேகம் 3,800 சுற்றுகளுக்கு உயர வேண்டும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இந்த 1,200 சுற்று வேறுபாட்டை அந்த ரிங் ஈடுகட்டியாக வேண்டும். ஏற்றும்போது தண்டின் வேகம் குறைய வேண்டியிருக்கிறது. ஆயிலின் இழுவையும் அதே திசையில் உதவுகிறது. இறக்கும்போதோ வேகம் கூட வேண்டும். ஆயிலின் இழுவை எதிராக நிற்கிறது. கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததால் வேகம் குறைந்துவரும் இன்ஜினும் சேர்ந்து எதிராக இழுக்கிறது. ஏற்றும்போது அமைதி, இறக்கும்போது ஓசை என்று உரிமையாளர் சொன்னது முழுக்க இதோடு பொருந்தியது.

முதல் சோதனைகள்

ஓட்டுநர் இருக்கையின் கீழே தரைவிரிப்பின் மேல் இன்னொரு ரப்பர் விரிப்பு போடப்பட்டிருந்தது. அதை முதலில் எடுத்தோம். கிளட்ச் பெடல் கடைசிவரை இறங்க விடாமல் விரிப்பு தடுப்பதால் மட்டுமே கியர் அரைத்த கார்கள் உண்டு. இங்கே அதனால் மாற்றம் ஏதும் இல்லை. ஆனாலும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு மேலே போவதில்லை என்பது எங்கள் பட்டறையின் வழக்கம்.

அடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து கியர்களையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்த்தோம். லீவர் எங்கும் சிக்கவில்லை. எல்லா இடங்களும் தெளிவாக அகப்பட்டன. எனவே லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குச் செல்லும் கேபிள்களும் அவற்றின் புஷ்களும் சந்தேகத்திலிருந்து விலகின. நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்தும் விட்டும் கேட்டோம். பெடலை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்ததும் அடங்கினால் உள்தண்டின் பேரிங்கையும், மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் ரிலீஸ் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டு நிலையிலும் இரைச்சல் இல்லை.

பிறகு ரிவர்ஸ் சோதனை. இன்ஜினை ஐடிலில் வைத்து, பெடலை முழுமையாக மிதித்து, பத்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போட வேண்டும். கிளட்ச் முழுமையாக விடுபட்டிருந்தால் அதற்குள் உள்தண்டு நின்றிருக்கும், ஓசை வராது. கார் எங்களிடம் வந்த காலையில் இந்தச் சோதனையில் எந்த ஓசையும் வரவில்லை. இதற்கு முன் பார்த்தவர்கள் கிளட்ச் நன்றாக இருப்பதாக முடிவு செய்ததில் வியப்பில்லை. உரிமையாளர் சொன்னது சூடான நிலையைப் பற்றி. ஆகவே அவர் சொன்ன நிலையை உண்டாக்காமல் எதையும் தீர்மானிக்க முடியாது என்று வண்டியைக் கடைவீதிக்கு எடுத்துச் சென்று, நெரிசலில் நின்று நகர்ந்து, இன்ஜின் அறை நன்கு சூடேறிய பின் திரும்பி வந்தோம்.

அப்போது சித்திரம் மாறியது. பெடலை வேகமாக மிதித்தவுடன் ரிவர்ஸ் போட்டால் சிறு ஓசை; மெதுவாக மிதித்து அரை நிமிடம் பிடித்திருந்து போட்டால் நன்றாக அரைத்தது. காத்திருந்தால் குறைய வேண்டிய ஓசை, காத்திருந்ததால் கூடியது. பெடலை இரண்டு முறை விரைந்து அழுத்திவிட்டு உடனே போட்டால் ஓசையே இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது கோளாறு கிளட்ச் பிளேட்டில் இல்லை, அதை இயக்கும் ஹைட்ராலிக் பகுதியில் இருக்கிறது என்ற ஐயம் வலுத்தது.

உறுதிப்படுத்த ஓர் எளிய சோதனை உண்டு. முன்னால் யாரும் எதுவும் இல்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, முதல் கியரில் ஐடிலில் வைத்து, வலது கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க, கிளட்ச் பெடலை அப்படியே மிதித்துப் பிடிக்க வேண்டும். சிறிது நேரம் அசையாமல் நின்ற கார் மெல்ல முன்னோக்கி ஊர்ந்தது. பெடல் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் கிளட்ச் தானாகவே ஒட்டத் தொடங்கியிருந்தது.

கிளட்ச் ஹைட்ராலிக்

கிளட்ச் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் கிளட்ச் ஆயிலைத் தள்ளுகிறது. அது குழாய் வழியாகச் சென்று கியர்பாக்ஸின் மேலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் தண்டை வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்டு ரிலீஸ் ஃபோர்க்கைத் தள்ளிக் கிளட்சை விடுவிக்கிறது. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். இந்தக் காரில் அது வெளியே இருந்தது நல்வாய்ப்பு. தண்டின் நகர்வை நேரடியாக அளக்க முடிந்தது.

கியர்பாக்ஸை இறக்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் அளவு இதுவே என்று நான் கருதுகிறேன். தண்டு முழுத் தூரம் நகர்ந்து, அங்கேயே நின்று, அப்படியும் கிளட்ச் ஒட்டினால் கோளாறு உள்ளே இருக்கிறது: நெளிந்த பிளேட், கியர்பாக்ஸ் உள்தண்டின் பள்ளங்களில் துருப்பிடித்துச் சிக்கும் பிளேட், வளைந்த ஃபோர்க், சோர்ந்த டயஃப்ரம் ஸ்பிரிங் ஆகியவற்றில் ஒன்று. தண்டின் நகர்வே குறைவாக இருந்தால் கோளாறு வெளியே. ஓர் உதவியாளர் பெடலை மிதிக்க, இரும்பு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து அளந்தோம். மிதித்தவுடன் 12 மி.மீ. நகர்ந்த தண்டு, அரை நிமிடத்தில் 8 மி.மீ.க்குப் பின்வாங்கியது. இன்ஜின் குளிர்ந்திருந்தபோது இதே அளவு 11 மி.மீ.க்குக் கீழே இறங்கவில்லை.

ஆயில் எங்கே போகிறது? ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தோம், ஈரமில்லை. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரின் பின்புறமும் உலர்ந்திருந்தது. அழுத்தம் ஏறும்போது ரப்பர் குழாய் எங்காவது உப்புகிறதா என்று கையால் பிடித்துப் பார்த்ததில் அதுவும் சரியாக இருந்தது. ஆயில் தொட்டியில் அளவு குறையவே இல்லை என்று உரிமையாளர் சொன்னார். வெளியே கசியாமல், அளவும் குறையாமல் அழுத்தம் மட்டும் இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனின் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் நழுவி மீண்டும் தொட்டிக்கே போகிறது என்று பொருள். வேகமாக மிதித்தால் அழுத்தம் சட்டென்று ஏறி, கப்பின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. மெதுவாக மிதித்தால் அந்த உதடு சரியாக ஒட்டுவதற்கு முன்பே ஆயில் நழுவிவிடுகிறது. சூட்டில் ரப்பர் இளகுவதும் ஆயில் நீர்த்துப்போவதும் இதைக் கூட்டுகின்றன. பட்டறையில் மெக்கானிக் பெடலைத் தட்டித் தட்டி மிதித்துப் பார்ப்பதால் இந்தக் கோளாறு அவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நெரிசலில் பெடலை நிதானமாக மிதித்துப் பிடித்திருக்கும் ஓட்டுநருக்குத்தான் அது அகப்படுகிறது. வண்டியை ஓட்டுகிறவர் சொல்வதை முழுமையாகக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றித் திறந்தபோது கப்பின் உதட்டில் ஒரு பக்கம் தேய்ந்து வெட்டுப்பட்டிருந்தது. சிலிண்டர் சுவரில் துருவின் சிறு குழிகள் இருந்தன. உள்ளே இருந்த ஆயில் கறுத்திருந்தது. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் பயன்படும் டாட்-3, டாட்-4 வகை ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. டாட்-4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தரநிலை வரையறுக்கும் அளவுக்கு ஈரம் ஏறிய நிலையில் குறைந்தது 155 டிகிரி இருந்தால் போதும். ஈரம் இப்படிக் கொதிநிலையைக் குறைப்பதோடு சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கிறது. வால்பாறை நாட்டின் மிகுந்த மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே ஓடும் வண்டியில் இந்த ஆயிலைப் பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டிருந்தார்கள்.

சுவரில் குழி விழுந்த சிலிண்டருக்கு வெறும் ரப்பர் கிட் போடுவது வீண் வேலை. புதிய கப்பும் அதே குழிகளில் கிழியும். எனவே முழு மாஸ்டர் சிலிண்டரும் மாற்றப்பட்டது. இந்தக் காரில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே தொட்டி என்பதால், ஏர் எடுக்கும்போது, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, தொட்டியின் அளவு கிளட்ச் குழாயின் வாய்க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டோம். தெளிந்த டாட்-4 ஆயில் குமிழியின்றி வரும்வரை ஸ்லேவ் சிலிண்டரின் ஏர் நட்டைத் திறந்து மூடினோம். இந்த ஆயில் பெயின்டைக் கரைக்கும் என்பதால் சிந்திய இடங்கள் உடனுக்குடன் தண்ணீரால் கழுவப்பட்டன. அதன்பின் வண்டியை மீண்டும் நெரிசலில் சூடேற்றி அளந்தபோது தண்டு 12 மி.மீ. நகர்ந்து அங்கேயே நின்றது. கார் ஊரவில்லை. ரிவர்ஸ் ஓசையின்றி விழுந்தது.

மீதமிருந்த ஓசை

மூன்றிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது வரும் ஓசை குறைந்தது, போகவில்லை. இன்ஜின் 2,000 சுற்றுகளுக்குக் கீழே இருக்கும்போது கியர் அமைதியாக விழுந்தது. அதற்கு மேலே சென்றால் அரைத்தது. இப்போது மட்டுமே டபுள் கிளட்ச் சோதனைக்குப் பொருள் உண்டு. பெடலை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, பெடலை விட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கொடுத்து உள்தண்டின் வேகத்தை நாமே உயர்த்திவிட்டு, மறுபடி மிதித்து இரண்டாவதுக்குத் தள்ளினோம். ஓசையே இல்லை. சிங்க்ரோ செய்ய வேண்டிய வேலையை நாம் செய்துகொடுத்தால் கியர் விழுகிறது. எனவே சிங்க்ரோ தன் வேலையைச் செய்யவில்லை.

இந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே செய்திருந்தாலும் ஓசை மறைந்திருக்கும். ஏனெனில் இன்ஜினின் வேகத்தையும் சேர்த்தே உயர்த்துவதால் ஒட்டும் கிளட்சின் தீங்கும் அதில் மறைந்துவிடும். சிங்க்ரோ தேய்ந்தது என்று அப்போதே முடிவு கட்டியிருந்தால், அந்த முடிவு பாதி உண்மையாக மட்டுமே இருந்திருக்கும். கிளட்ச் முழுமையாக விடுபடுகிறது என்று அளவெடுத்து உறுதி செய்வதற்கு முன் சிங்க்ரோவைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. இந்த வரிசையைத்தான் நான் மற்ற மெக்கானிக்குகளிடமும் வலியுறுத்துகிறேன்.

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் ஒரு மலிவான சாத்தியம் மீதமிருந்தது: ஆயில். முந்தைய பட்டறையின் ரசீதில் 80டபிள்யூ-90, ஜி.எல்-5 என்று இருந்தது; முதலாவது ஆயிலின் கெட்டித்தன்மையையும் இரண்டாவது அதன் தரவகையையும் குறிக்கும். காரின் கையேடு கேட்டதோ 75டபிள்யூ-90, ஜி.எல்-4. ஜி.எல்-5 தரம் ஹைப்பாய்டு பற்கள் கொண்ட டிஃபரன்ஷியல்களின் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்கானது. அதில் கந்தகம், பாஸ்பரஸ் சார்ந்த கூட்டுப்பொருள்கள் ஜி.எல்-4-ஐவிட மிக அதிகம். அவை இரும்புப் பற்களைக் காக்கும். ஆனால் சிங்க்ரோவுக்குத் தேவைப்படும் உராய்வை அவை குறைத்துவிடக் கூடும். அவற்றில் சில பித்தளையையும் தாக்கக் கூடியவை. தரம் உயர்ந்தது என்ற எண்ணத்தில் கையேடு கேட்காத ஆயிலை ஊற்றுவது நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. எண் பெரியது என்பதால் பொருத்தம் கூடிவிடாது.

அந்த ஆயிலை வடித்தபோது வடிகால் போல்ட்டின் காந்தத்தில் வழக்கமான கருஞ்சாம்பல் இரும்புப் பசை சிறிதளவே இருந்தது. வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால், காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு ஆயிலில் நிறைய மிதந்தது. பித்தளை. அதாவது சிங்க்ரோ ரிங் ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டிருக்கிறது. ஜி.எல்-5 ஆயில்தான் ரிங்கைத் தின்றுவிட்டது என்று சொல்வது அவசரமாகும். ஓசை அந்த ஆயில் ஊற்றுவதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிட்டது. ஓராண்டுக்கும் மேலாக ஒட்டிக்கொண்டிருந்த கிளட்சுக்கு எதிராக மல்லுக்கு நின்ற ரிங் தேய்ந்தது. தேய்ந்த ரிங்குக்கு மிச்சமிருந்த பிடிப்பையும் பொருந்தாத ஆயில் குறைத்தது. மாதங்களின் வரிசை இந்த விளக்கத்துக்கே இடம் தருகிறது.

சரியான ஆயிலை ஊற்றி, சமவெளியில் மட்டும் சில நாட்கள் ஓட்டச் சொன்னோம். ஓசை தொடங்கும் வேகம் 2,000 சுற்றுகளிலிருந்து ஏறக்குறைய 2,500-க்கு உயர்ந்தது. முன்னேற்றம்தான், ஆனால் மலை இறக்கத்துக்கு அது போதாது. டபுள் கிளட்ச் செய்தே சமாளிக்க முடியுமா என்று உரிமையாளர் கேட்டார். பழகிய ஓட்டுநருக்குச் சமவெளியில் முடியும். கொண்டை ஊசி வளைவின் வாயில், எதிரே பேருந்து வரும்போது, ஒரு தவறான கணக்குக்கும் இடமில்லாத இடத்தில் அதை நம்பியிருக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. பழைய கியர்பாக்ஸ் வாங்கும் யோசனையையும் மறுத்தோம். அதன் உள்ளே இருக்கும் ரிங்குகள் எத்தனை தேய்ந்தவை என்பது திறந்து பார்க்காமல் தெரியாது. திறந்து பார்ப்பதென்றால் இவருடையதையே திறந்துவிடலாம்.

கியர்பாக்ஸைத் திறந்தபோது

ரிங்கின் தேய்மானத்தை அளப்பது எளிது. ரிங்கைக் கியரின் கூம்பின் மேல் வைத்து அழுத்தி, ரிங்கின் பற்களுக்கும் கியரின் பூட்டுப்பற்களுக்கும் இடையிலுள்ள சந்தில் ஃபீலர் கேஜை (சந்தை அளக்க உதவும் மெல்லிய உலோகத் தகடுகளை) நுழைக்க வேண்டும். கூம்பு தேயத் தேய ரிங் கியரை நோக்கி இறங்குவதால் இந்தச் சந்து சுருங்கிக்கொண்டே வரும். இவ்வகைக் கியர்பாக்ஸ்களில் புதிதில் 1 மி.மீ.யை ஒட்டி இருக்கும் சந்து 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் ரிங்கை மாற்றியாக வேண்டும். எங்கள் அளவுகளில் மூன்றாவதும் நான்காவதும் 0.9 மி.மீ., முதலாவது 0.8 மி.மீ., இரண்டாவது 0.3 மி.மீ. இரண்டாவதன் ரிங்கில் உள்வரிகள் மழுங்கிப் பளபளத்தன. கியரின் மேல் வைத்துக் கையால் அழுத்தித் திருப்பினால் மற்ற ரிங்குகள் கூம்பைக் கவ்விப் பிடித்தன; இது வழுக்கிச் சுற்றியது.

முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் ஸ்லீவ் ஒன்றே. அதன் முதல் கியர்ப் பக்கத்துப் பற்களின் முனைகள் கூர்மையாக இருந்தன. இரண்டாம் கியர்ப் பக்கத்து முனைகள் உருண்டு மழுங்கியிருந்தன. இரண்டாம் கியரின் பூட்டுப்பற்களிலும் அதே மழுங்கல். இதனால்தான் ரிங்கை மட்டும் மாற்றி மூடிவிட முடியவில்லை. ரிங் எத்தனை புதிதானாலும், முனை மழுங்கிய ஸ்லீவ் பற்கள் பூட்டுப்பற்களுக்கு இடையே வழிதேடி நுழையாமல் முட்டிக்கொண்டு நிற்கும். பூட்டுப்பற்கள் தேய்ந்த கியர் பின்னாளில் ஓட்டத்திலேயே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடவும் கூடும். மலையிறக்கத்தில் அது இன்னும் கொடியது. எனவே இரண்டாம் கியர், அதன் ரிங், ஹப்-ஸ்லீவ் தொகுதி (ஸ்லீவும் அதைத் தண்டோடு இணைக்கும் நடுப்பகுதியான ஹப்பும்), ஹப்பிலுள்ள சிறு கீகள், அவற்றின் ஸ்பிரிங்குகள் ஆகியவை புதிதாக வாங்கப்பட்டன. முதல் கியரின் ரிங் அளவுக்குள் இருந்தாலும் அதே ஹப் கழன்று வெளியே வந்துவிட்ட நிலையில் அதையும் மாற்றினோம். அதற்கான கூடுதல் செலவு ரிங்கின் விலை மட்டுமே. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ரிங்குகள் அப்படியே விடப்பட்டன.

ஷிஃப்ட் ஃபோர்க்கின் இரு முனைகளும் ஸ்லீவின் பள்ளத்தில் அளவுக்குள்ளேயே ஆடின. ஓட்டும்போது லீவரின் மேல் கையை ஓய்வாக வைத்திருப்பவர்களின் வண்டிகளில் இந்த முனைகள் தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம்; இவரிடம் அந்தப் பழக்கம் இல்லை. பேரிங்குகளைக் கழுவி உலர்த்திச் சுற்றிப் பார்த்ததில் குழியோ சொரசொரப்போ இல்லை. ஹப்பையும் ஸ்லீவையும் பொருத்தும் திசை முக்கியம் என்பதால் கழற்றும்போதே குறியிட்டு, படமும் எடுத்து வைத்திருந்தோம். புதிய ரிங் புதிய கியரின் மேல் 1.1 மி.மீ. சந்து காட்டியது.

கியர்பாக்ஸ் கீழே இருந்தபோதே கிளட்சையும் பார்த்தோம். அண்மையில் போட்ட பிளேட் நெளிவின்றி இருந்தது. உள்தண்டின் பள்ளங்களில் தடையின்றி வழுக்கியது. ஃபிளைவீலில் சூடேறிய நீலத் தழும்புகள் இல்லை. அதாவது முதல் பட்டறை மாற்றிய பாகங்கள் நல்லவையே. வேலையும் ஒழுங்காகவே நடந்திருந்தது. ஆனால் கோளாறு இருந்த இடம் வேறு. அவற்றை மறுபடி மாற்றத் தேவையில்லை. தண்டின் பள்ளங்களில் மிக மெல்லிய கிரீஸ் பூச்சு மட்டும் கொடுத்தோம். அதிகமாகத் தடவினால் அது தெறித்துப் பிளேட்டின் மேல் படியும். ஆயில் சீல்கள் அனைத்தும் புதிதாகப் போடப்பட்டன.

பூட்டிய பின்

கையேடு சொல்லும் ஆயிலை நிரப்பு துளையின் விளிம்புவரை நிரப்பி, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் எல்லாக் கியர்களையும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். பிறகு உரிமையாளரையே ஓட்டச் சொல்லி, ஆழியாறு அணையைத் தாண்டி ஒன்பதாவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனைக்கும் மேலே ஏறித் திரும்பினோம். இறக்கத்தில் 3,000 சுற்றுகளிலிருந்தும் இரண்டாவது கியர் ஓசையின்றி விழுந்தது. அடிவாரத்துக்கு வந்ததும், இன்ஜின் அறை சூடாக இருக்கும்போதே பெடலை அரை நிமிடம் பிடித்து, ஸ்லேவ் தண்டின் நகர்வை மறுபடி அளந்தோம்; 12 மி.மீ.யில் நின்றது.

புதிய சிங்க்ரோ பாகங்கள் படிந்து வரும்போது சிறிது உலோகத் துகள் உதிரும் என்பதால், முதல் 1,000 கி.மீ.க்குப் பிறகு கியர் ஆயிலை மீண்டும் மாற்றினோம். வடிந்த ஆயிலில் பித்தளை மினுமினுப்பு மிகச் சிறிதளவே தெரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். அவருடைய சர்வீஸ் அட்டையில் இரண்டு குறிப்புகள் சேர்க்கப்பட்டன: பிரேக், கிளட்ச் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, முடிந்தவரை மழைக்காலம் முடிந்ததும், முழுமையாக மாற்ற வேண்டும், ரிவர்ஸ் கியர் மறுபடி அரைக்கத் தொடங்கினால் இரண்டாம் கியரில் ஓசை கேட்கும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே வண்டியைக் கொண்டுவர வேண்டும்.